நினைவுப் பாதுகாப்புக் குழு

மனிதகுல வரலாற்றை அறிஞர்கள் கற்காலம், இரும்புக்காலம் என்றெல்லாம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் இரண்டே காலங்கள் போதும் என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். கார்களுக்கு ஞாபகசக்தி இல்லாதிருந்த இருண்ட காலம் ஒன்று. எங்கள் தலைவரின் கார் வந்து சேர்ந்த பிறகான பொற்காலம் மற்றொன்று.

அந்தக் கார் எதையும் மறக்காது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவில் '1', '2' என்று இரண்டு பொத்தான்கள். முதல் பொத்தானை அழுத்தினால் இருக்கை மெல்ல முனகிக்கொண்டு முன்னே நகரும். முதுகு நிமிரும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மரியாதையாகத் தலை குனியும். ரேடியோ, தலைவருக்குப் பிடித்த நிலையத்தை, தலைவருக்குப் பிடித்த சத்தத்தில் முணுமுணுக்கும். தலைவர் மனசு வைத்தால் தானே ஓட்டுவார். மற்ற நாட்களில் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் முன் இருக்கை அவருடையதுதான்.

இரண்டாம் பொத்தான் டிரைவர் அண்ணனுக்கு. அவர் நல்ல உயரம். தலைவரும் உயர்ந்தவர்தான், புகழில். கார் வந்த புதிதில் டிரைவர் அண்ணன் ஒரே ஒரு தடவை இரண்டாம் பொத்தானை அழுத்தினார். இருக்கை பின்னால் போவதை எங்கள் நிர்வாக மேலாளர் மேடம் பார்த்துவிட்டார்.

"தலைவர் சீட்டை இப்படி முன்னயும் பின்னயும் இழுத்துக்கிட்டே இருந்தா அது குழம்பிப் போயிடாதா?" என்று கேட்டார் மேடம்.

அது கேள்வி மாதிரி இருந்தாலும் ஆணை. அன்றிலிருந்து டிரைவர் அண்ணன் தலைவரின் அளவுக்குள்ளேயே தன்னை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டினார். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் வெட்டுக்கிளியின் கால்கள்போல் நிற்கும். தலை கூரையில் இடிக்காமலிருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொள்வார். வெளியாட்கள் பார்த்துவிட்டு, "உங்க டிரைவர் எவ்வளவு பணிவு!" என்று எங்களிடம் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

எங்கள் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். ஆபத்து நேரத்தில் பதறாமல் செயல்படுவது எப்படி என்று மற்ற நிறுவனங்களுக்கு நாங்கள் பயிற்சி கொடுக்கிறோம். நாங்கள் பயிற்சி கொடுத்த எந்தக் கட்டடத்திலும் இதுவரை தீப்பிடித்ததில்லை. பிடித்திருந்தால் எங்கள் புகழ் இன்னும் வேகமாகப் பரவியிருக்கும். நான் அங்கே துணை நிர்வாக அலுவலர். 'துணை' என்ற சொல் சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்று மேடம் எனக்கு ஜாடையாகச் சொல்லியிருந்தார். ஆகவே அந்த நாட்களில் நான் எதற்கும் தலையாட்டும் நல்ல உடல்நிலையில் இருந்தேன்.

தலைவர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். 'விரைந்து முடிவெடுத்தல்' என்பது அவர் பேச்சின் தலைப்பு. அவர் திரும்பும்வரை காரை யாரும் தொடக் கூடாது, ஓட்டினால் ஏதாவது மாறிவிடும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரும் கட்டுப்பட்டு அசையாமல் நின்றது. நின்று நின்றே அதன் பேட்டரி வடிந்துபோனது.

தலைவர் திரும்பி வரும் நாள். காலையில் டிரைவர் அண்ணன் சாவியில் இருந்த பொத்தானை அழுத்தினார். கார் கண் சிமிட்டவில்லை. சாவியைத் துவாரத்தில் விட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு இல்லை, கடிகாரம் இல்லை, ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. நேராக மேடத்தின் அறைக்கு வந்தார். நான் அங்கே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"மேடம், பேட்டரி செத்துப்போச்சு."

"என்ன வார்த்தை பேசறீங்க! தலைவர் வண்டியைப் பத்தி!"

"சரி மேடம். பேட்டரி தவறிடுச்சு. எதிர்க் கடையில புதுசு இருக்கு. நீங்க இந்த டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாட்டிடுவேன்."

மேடம் டீயைக் கீழே வைத்தார். "பழசைக் கழட்டினா செட்டிங் எல்லாம் என்ன ஆகும்?"

"அதெல்லாம் இந்நேரம் அழிஞ்சிருக்கும் மேடம். மறுபடி வச்சுக்கலாம்."

"அழியப்போகுதுன்னு சொல்லுங்க, காப்பாத்தலாம். அழிஞ்சிருக்கும்னு சொன்னா அது இறந்தகாலம். இறந்தகாலத்தை யாரு காப்பாத்த முடியும்?"

இலக்கணத்துக்கு எதிரே டிரைவர் அண்ணனால் நிற்க முடியவில்லை. அழியப்போகிறது என்று ஒப்புக்கொண்டார். உடனே 'நினைவுப் பாதுகாப்புக் குழு' அமைக்கப்பட்டது.

குழுவின் தலைவி மேடம். செயலாளர் நான். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் கணக்கு அதிகாரி. இன்னொருவர் கணினிப் பிரிவுக்காரர், எதைக் கேட்டாலும் "பேக்கப் எடுத்துட்டீங்களா?" என்று கேட்பதால் அவர் பெயரே பேக்கப் ஆகிவிட்டது. கூட்டக் குறிப்பு எழுத அக்கா. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், மேடத்துக்கும் அக்காதான். யார் என்ன உளறினாலும் அதை வாசிக்கத் தகுந்த வாக்கியமாக மாற்றி எழுதிவிடுவார். எங்கள் அறிவு முழுக்க அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

கீழ்த்தளத்தில் வாசலைப் பார்த்த அறையில் கூட்டம். ஜன்னலுக்கு வெளியே கார் தெரிந்தது. டிரைவர் அண்ணன் கதவோரம் நின்றார். நாற்காலிகள் உறுப்பினர்களுக்கு மட்டும்.

எதிர்க் கடைக்காரர் அழைக்கப்பட்டார். அவருடைய அட்டையில் 'மின்கல ஆலோசகர்' என்று இருந்தது. புது பேட்டரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, அளவுக்கருவியோடு காரின் முன்மூடியைத் திறந்தார். மேடம் ஜன்னலோரம் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்போல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

கருவியின் முள் எழவே இல்லை. ஆலோசகர் எங்கள் முகங்களைப் பார்த்தார். முள்ளைவிட அவை அவருக்கு அதிகம் சொல்லின.

"ஆழ்ந்த மயக்கம்தான் மேடம்."

"நினைவு?"

"பழசைக் கழட்டற நேரத்துல வேற வழியா மின்சாரம் கொடுத்துக்கிட்டே இருந்தா நினைவு தப்பாது. அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகணும். 'நினைவு காப்பான்'னு சொல்லுவோம். எங்க இன்னொரு கடையிலேருந்து வரணும். மதியத்துக்குள்ள வந்துடும்."

"மூணு இடத்துல விலை கேக்கணுமே?" என்றார் கணக்கு அதிகாரி.

"கேளுங்க சார். மூணும் எங்க கடைதான்."

கணக்கு அதிகாரி திருப்தியடைந்தார்.

பேக்கப் அப்போது வாயைத் திறந்தார். பேட்டரியில் ஒன்றுமே இல்லையென்றால் காப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்கப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் எனக்கும் அதுவேதான் தோன்றியது. கணக்கு அதிகாரியின் கண்ணிலும் அது தெரிந்தது. மேடம் பேக்கப்பைப் பார்த்தார். பேக்கப் திறந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார். நிறுவனங்கள் நிலைப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.

"கடிகாரம் அணைஞ்சிருக்குன்னா மறந்துபோச்சுன்னு அர்த்தமில்லை," என்றார் மேடம். "தூங்கறவங்க கண்ணை மூடித்தானே இருக்காங்க. எழுந்ததும் பேரைச் சொல்றாங்களா இல்லையா?"

"அருமையா சொன்னீங்க மேடம்," என்றேன் நான். அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

கதவோரத்திலிருந்து டிரைவர் அண்ணன், "சீட்டு வச்ச இடத்துலயேதான் இருக்கு மேடம். யாரும் நகர்த்தலை. புது பேட்டரி போட்டு, ஒண்ணாம் நம்பரை அமுக்கிப் பிடிச்சா மறுபடி மனசுல வாங்கிக்கும்," என்றார்.

"சீட்டு அங்க இருக்கறது வேற. அங்க இருக்கணும்னு அதுக்கு ஞாபகம் இருக்கறது வேற," என்றார் மேடம்.

இந்த ஆழத்துக்கு நான் இரண்டு தடவை தலையாட்டினேன்.

முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடிகளின் கோணத்தைப் பதிவுசெய்வது என்று முடிவானது. கணக்கு அதிகாரி தலைவரின் உயரம். ஆனால் தலைவரின் இருக்கையில் உட்காரும் துணிச்சல் அவருக்கு இல்லை. எனவே இருக்கைமேல் உடம்பு படாமல், கதவையும் ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் அரை உட்காரலாகத் தொங்கியபடி, கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று சொன்னார். "காவல்காரர் ஸ்டூல்... அதுல பாதி... ஒரு காக்கா... காக்கா போயிடுச்சு." நாங்கள் எல்லோரும் போனில் படம் எடுத்தோம்.

மறுபடி கூடி, இருக்கையின் சாய்வை அளப்பது பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் பேனா நின்றது.

"மேடம், எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி?"

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி அழுத்தமா இருக்கு. இந்தக் கை வேற இழுக்குது." இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் வேர்த்திருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் அழுத்தம்தான் அக்கா," என்றார் மேடம் பரிவோடு. "சாயங்காலம் தலைவர் வர்றாரே. இந்தச் சாய்வு விஷயத்தை மட்டும் முடிச்சிடுவோம். தண்ணி குடிங்க."

அக்கா தண்ணீரை எடுக்கக் கையை நீட்டினார். கை டம்ளரைத் தட்டிவிட்டது. அவர் நாற்காலியோடு ஒரு பக்கமாகச் சரிந்தார்.

எங்கள் பயிற்சி வீண்போகவில்லை. யாரும் பதறவில்லை. மேடம் எழுந்து நின்றார். கணக்கு அதிகாரி நனையத் தொடங்கிய காகிதங்களைக் காப்பாற்றினார். பேக்கப் ஜன்னலைத் திறந்தார், பிறகு மூடினார். நான் ஒரு நொடியும் தாமதிக்காமல் போனை எடுத்து அழைத்தேன், ஆலோசகரின் இன்னொரு கடையை. 'நினைவு காப்பான்' கிளம்பிவிட்டதா என்று கேட்டேன். வழியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

"கருவி வந்துக்கிட்டே இருக்காம் மேடம்!"

"நல்லது. வந்ததும் முறைப்படி பேட்டரியை மாத்தி, தலைவர் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்," என்றார் மேடம். "அக்காவுக்காக நாம அதையும் செய்வோம்." எனக்குக் கண் கலங்கியது.

டிரைவர் அண்ணனைக் காணவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், அவர் தள்ளுவண்டியிலிருந்து புது பேட்டரியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"பழசைத் தொடாதீங்க!" என்று மேடம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "கருவி வரட்டும்!"

"நீங்க டீயைக் குடிங்க மேடம்," என்றார் அவர் நிமிராமல்.

ஆலோசகர் இரண்டடி பின்வாங்கி, "கருவி இல்லாம மாட்டினா நான் பொறுப்பில்லை, இப்பவே சொல்லிட்டேன்," என்று அறிவித்துவிட்டு ஒரு ஸ்பானரை நீட்டினார். பழசு வெளியே வந்தது. புதுசு உள்ளே போனது. காரின் உள்விளக்கு எரிந்தது. கடிகாரம் பன்னிரண்டில் நின்று, புதிதாகப் பிறந்த குழந்தைபோல் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது.

டிரைவர் அண்ணன் உள்ளே ஓடிவந்தார். எங்கள் கூட்ட நாற்காலிகளுக்குச் சக்கரம் உண்டு. அக்காவை நாற்காலியோடு நிமிர்த்தி, ஒரு கையால் அவர் தோளைத் தாங்கி, மறுகையால் தள்ளிக்கொண்டு போனார். "கண்ணைத் திறந்து வைங்கக்கா. என்னைத் திட்டுங்க. ஏதாவது பேசுங்க," என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். கதவு முன்பே திறந்துதான் இருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது.

அக்காவைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவிட்டு அவர் ஓட்டும் இடத்துக்கு வந்தார். உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அப்போது அவர் செய்த காரியத்தை என் கண்ணால் பார்த்தேன். இருக்கையின் கீழே கையை விட்டு ஒரு விசையை அழுத்தினார். தலைவரின் இருக்கை முனகிக்கொண்டு பின்னால் போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது.

"சீட்டு! சீட்டு!" என்று மேடம் அலறினார்.

"பிரேக் மிதிக்கணும் மேடம். கால் வேணும்ல," என்றார் அவர்.

இருக்கை கடைசிவரை போய் நின்றது. முதல் தடவையாக அவர் கால்கள் நீண்டன. கார் பறந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன்.

"அந்த அக்கா எப்படி இருக்காங்க?"

"கண்ணாடிக் கோணம்கூடப் போயிடுச்சு. போட்டோ இருக்கறதால பரவாயில்லை."

"நான் அக்காவைக் கேட்டேன்."

"குழுவுக்கு இன்னும் தகவல் வரலை," என்றேன். மனைவி எழுந்துபோய்த் தானே யார் யாருக்கோ போன் செய்து விசாரித்தாள். இரத்தக்குழாயில் அடைப்பாம். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தாராம். 'சரியான நேரம்' என்பது ஆஸ்பத்திரியின் கருத்து. அலுவலக நேரப்படி அது மிகவும் முன்கூட்டிய செயல்.

விசாரணை நடந்தது. அனுமதியின்றி பழைய பேட்டரியை அகற்றியது, கருவிக்குக் காத்திராதது, தலைவரின் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியது ஆகியவை குற்றச்சாட்டுகள். மூன்றாவதைப் படிக்கும்போது மேடத்தின் குரல் தழுதழுத்தது.

"என்ன சொல்றீங்க?"

"அக்காவைக் கொண்டுபோனேன் மேடம்."

"அதை யாரும் தப்புன்னு சொல்லலை. அதை நாங்க பாராட்டறோம். கேள்வி செட்டிங் பத்தினது."

சாட்சியாக என்னைக் கேட்டார்கள். பேட்டரி காலையிலேயே முழுதாகப் போய்விட்டது, அதில் காக்க எதுவும் இருக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது இறந்தகாலம். இறந்தகாலத்தை இழுப்பது பண்பல்ல. "நான் அப்ப கதவைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்," என்று மட்டும் சொன்னேன்.

டிரைவர் அண்ணனை வேலையிலிருந்து நீக்குவது என்று குழு முடிவு செய்தது. விஷயம் தலைவரிடம் போனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொத்தானா? எங்க இருக்கு?" என்றார். மேடம் காட்டினார். "ஓ," என்றார் தலைவர். "நான் இதை ஜன்னலுக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உக்காந்தா சீட்டு சரியாத்தான் இருந்துது, நான் எதையும் தொட்டதில்லை." பிறகு யோசித்து, "ஆனாலும் குழுன்னு ஒண்ணு போட்டாச்சு. அதோட முடிவுக்கு மதிப்பு கொடுக்கணும்," என்றார். விரைந்து எடுத்த முடிவு.

டிரைவர் அண்ணன் எங்களுக்குச் சிரமம் வைக்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். முதுகைப் பின்னால் வளைத்து, எலும்பு சொடுக்கும் சத்தம் கேட்கச் சோம்பல் முறித்தார். "வர்றேன் சார்," என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவர் இவ்வளவு உயரம் என்பதை அன்றுதான் கவனித்தேன். இப்போது எங்கோ பெரிய வண்டி ஓட்டுவதாகக் கேள்வி. அவர் இடத்துக்குக் குள்ளமான ஒருவரை மேடமே நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். என் பதவியிலிருந்த 'துணை'யும் உதிர்ந்தது.

உடம்பு தேறி அக்கா வேலைக்குத் திரும்பினார். மெலிந்திருந்தார், புடவை அவரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவரை வரவேற்க அதே அறையில் கூட்டம் போட்டோம். பூங்கொத்து கொடுத்தோம். ஒரு நெருக்கடியைக் குழு எப்படிப் பதறாமல் கையாண்டது என்பதைப் பற்றி மேடம் உருக்கமாகப் பேசினார். நான் கைதட்டலைத் தொடங்கிவைத்தேன்.

அக்கா எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கீழ விழுந்ததுக்கு அப்புறம் சரியா ஞாபகமில்லை," என்றார். "டிரைவர் தம்பி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாருன்னு வீட்டுக்காரர் சொன்னார். நேத்து தம்பி வீட்டுக்கே போய் ரெண்டு பேரும் பார்த்துட்டு வந்தோம். ஆனா அதுக்கு முன்னாடி நீங்களும் எவ்வளவோ பாடுபட்டிருப்பீங்க. உடனே ஆம்புலன்ஸுக்கு அடிச்சிருப்பீங்க, அது வர நேரமாச்சுன்னுதான் தம்பி வண்டியை எடுத்திருப்பாரு. அந்த போனைப் பண்ணது யாருன்னு தெரிஞ்சா, அவருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லிடுவேன். யாருங்க?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மேடம் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். கணக்கு அதிகாரி பேக்கப்பைப் பார்த்தார். பேக்கப் என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க வேறு யாரும் இல்லாததால் மேஜையைப் பார்த்தேன். எங்கள் நால்வரின் போன்களும் அங்கே வரிசையாக இருந்தன. நான்கிலும் சார்ஜ் முழுதாக இருந்தது.